பென்ஷனைக் கூட்டினால் வயசானவர்கள் வேலைக்கு வரமாட்டார்களா? நிதித்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித்துறைக்கும், முதியோர் உதவித்தொகையைக் கையாளும் வருவாய்த்துறைக்கும்,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், கரண்ட் பில், வருமானச் சான்றிதழ், அப்புறம் முதியோர் பென்ஷன் மனு. இந்தக் கடைசி வேலையில்தான் என் நாளில் பாதி போகிறது. ஒரு மனுவுக்கு ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புக் மூன்றும் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மனு கொடுக்க வருபவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், நானும் கேட்பேன், அதனால் ஒரு மணி நேரம் ஆகும். அப்படிக் கேட்டவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு வந்திருந்தார். நல்ல மனிதர், வெட்டுக்கூலியை, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் கூலியை, பாக்கி வைக்காமல் கொடுப்பவர். கேரளத்தில் பென்ஷன் 2,000 ஆகிவிட்டது, நம் ஊரிலும் கூட்ட வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னதும் இவருக்குப் பட்டென்று கோபம் வந்தது. “பென்ஷன இனியும் கூட்டினா வயசானவனுவ ஒருத்தனும் வெட்டுக்கு வரமாட்டான், பாத்துக்கிடுங்க” என்றார். என் அப்பாவுக்கு 67 வயது. இன்றைக்கும் வெட்டுக்குப் போகிறார். அதனால் அந்தப் பேச்சை என்னால் காதில் வாங்கிவிட்டு விட முடியவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசித்ததில் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது உண்மைதான். பென்ஷன் ஓரளவுக்கு மேல் போனால் வயசானவர்களில் ஒரு பகுதி வேலையைக் குறைப்பார்கள், சிலர் அடியோடு விடுவார்கள். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை, பல நாடுகளில் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் எந்த வேலையை விடுவார்கள், எதை விடமாட்டார்கள், விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வயசானவர்களை வேலையிலிருந்து விரட்டுவது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று பென்ஷனின் தொகை. மற்றொன்று பென்ஷனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனை. எல்லோரும் தொகையைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்க்கும் கேடு நிபந்தனையால் வருகிறது.

முதலில் தொகை. நம் பென்ஷன் மாதம் 1,200. அந்த 1,200 ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 40 ரூபாய். அப்பா ஒரு நாள் முந்நூறு மரம் வெட்டினால் கிடைக்கும் கூலி பத்து நாள் பென்ஷனுக்கு மேல் வரும். இந்த 40 ரூபாயை நம்பி யாராவது கத்தியைக் கீழே வைப்பார்களா? வைப்பதில்லை. 1962-ல் காமராசர் ஆட்சியில் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது இந்தத் திட்டம். 2011-ல் 500 ரூபாய் 1,000 ஆனது. அப்புறம் 2023 ஆகஸ்டில் 1,200. நடுவில் பன்னிரண்டு வருடம் அந்த ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது, அதற்குள் விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கையில் வந்த தாள் அதேதான், அதற்குக் கிடைத்த அரிசியும் மீனும் பாதியாகிவிட்டது. மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500. அந்த 200 பதினைந்து வருடத்துக்கும் மேலாக அசையவே இல்லை. ஆக, பென்ஷன் வாங்குகிறவர் வேலைக்கும் போகிறார் என்றால் அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பென்ஷன் மட்டும் போதாது, அவ்வளவுதான்.

இப்போது அப்பாவின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். கோப்பில் “விவசாயக் கூலி” என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் விஷயம் இது.

இரண்டரை மணிக்கு எழும்புவார். கட்டன் சாயா குடித்துவிட்டு, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கத்தியும் கையில் வாளியுமாக இறங்குவார். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அதனால் இருட்டிலேயே போக வேண்டும். தோட்டம் சரிவில் இருக்கிறது. மழைக்காலத்தில் படிகளில் பாசி பிடித்து வழுக்கும், அட்டை ஏறும், சில நாள் பாம்பு கிடக்கும். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து, நேற்றைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டு, பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவி, சிரட்டையை நேராக வைத்துவிட்டு அடுத்த மரம். கத்தி ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும், மேலாகப் போனால் பால் வராது. முந்நூறு மரம் முடிந்ததும் திரும்பவும் முதல் மரத்திலிருந்து பால் எடுக்க நடை. நிறைந்த வாளியோடு சரிவில் ஏறுவதுதான் கஷ்டம் என்பார். அப்புறம் டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்து, உறைந்ததை ரோலரில் விட்டு ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது பதினொரு மணி ஆகும். போன கார்த்திகையில் சரிவில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். கட்டு அவிழ்த்த ஒன்பதாவது நாள் வெட்டுக்குப் போய்விட்டார்.

இந்த வேலையை 67 வயதில் ஒருவர் விட்டால் அதை நஷ்டம் என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நான் கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: “மேல்தோட்டத்த விட்டுரலாம் மக்களே, கீழ நாப்பது மரம் மட்டும் வெட்டுனா போதும். வெட்டாம இருக்கவும் எனக்குப் பற்றாது.” இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். வீட்டில் சும்மா உட்கார அவருக்கு ஆசை இல்லை. கீழே சமதரையில் உள்ள நாற்பது மரம், வீட்டுப் பின்னால் ஐந்து சென்டில் மட்டி வாழை, அப்புறம் வெட்டுப் பழகும் பையன்கள் யாராவது வந்தால் கூட நின்று கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது, இவ்வளவுதான் அவர் கேட்கும் வாழ்க்கை. மேல்தோட்டத்துக் கூலி போனால் வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பென்ஷன் மாதம் 2,000 ரூபாயாவது இருந்தால், நான் கொடுப்பதும் சேர்ந்து சமாளித்துவிடலாம். 1,200-ல் முடியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்சிகோவில் 2007-ல் சின்னக் கிராமங்களில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 500 பெசோ கொடுக்கத் தொடங்கினார்கள், யாரும் சந்தா கட்டத் தேவையில்லாத பென்ஷன். அதன் விளைவைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டது, கூலிக்குப் போவது குறைந்தது, அதே சமயம் குடும்பத்தின் சொந்தத் தொழிலில் கைகொடுப்பது கூடியது, மனச்சோர்வு குறைந்தது. பிரேசிலில் 1991-ல் கிராமப்புற ஆண்களின் பென்ஷன் வயதை 65-லிருந்து 60 ஆக்கினார்கள், தொகையையும் குறைந்தபட்சக் கூலியில் பாதியிலிருந்து முழுதாக உயர்த்தினார்கள். வேலை செய்துகொண்டே அதை வாங்கலாம், தடையே இல்லை. அப்படியும் நிறையப் பேர் வேலையிலிருந்து விலகினார்கள். தென்னாப்பிரிக்காவில் பென்ஷன் வயது வந்ததும் வேலைக்குப் போவோரின் எண்ணிக்கை இறங்குகிறது, அங்கே 1990-களில் அந்தத் தொகை கறுப்பின மக்களின் நடுத்தரத் தலா வருமானத்தைப் போல இரண்டு மடங்காக இருந்தது. ஆகவே தோட்டக்கார அண்ணன் சொன்ன விளைவு நிஜம். வெயிலிலும் சுமையிலும் உடம்பைத் தேய்த்தவர்கள், கையில் கொஞ்சம் தெம்பு வந்ததும் முதலில் விடுவது உடம்பைத் தேய்த்த அந்த வேலையைத்தான்.

எங்களுக்கு மெக்சிகோ வரைக்கும் போக வேண்டியதும் இல்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆட்சி, இன்றைக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நின்றபாடில்லை. என் சித்தியைக் கட்டிக்கொடுத்தது பாறசாலையில். அங்கே சமூகநல பென்ஷன் 1,600 ஆக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 2,000. சித்தி முப்பது வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டைக் கம்பெனியில், அண்டி தல்லியவர். வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துக் கட்டையால் அடித்து, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். தோட்டில் இருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். முப்பது வருடச் சாம்பலுக்குப் பிறகும் சித்தியின் விரல் நுனிகள் கறுத்துத்தான் இருக்கின்றன. 1,600 வந்த காலத்தில் வாரம் மூன்று நாளாகக் குறைத்தார். இப்போது முழுதாக நிறுத்திவிட்டார்.

நிறுத்திவிட்டு என்ன செய்கிறார் தெரியுமா? காலையில் பக்கத்துச் சாயாக்கடைக்கு ஆப்பம் சுட்டுக் கொடுக்கிறார், இரண்டு ஆடு, கொஞ்சம் கோழி. நான் போன மாதம் போயிருந்தபோது விடிவதற்கு முன்பே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. “எப்பவும் போலத்தான் எந்திரிக்கேன், ஆனா இப்ப முட்டு மடக்கித் தரையில உக்கார வேண்டாம் பாரு” என்றார். அரசாங்கக் கணக்கெடுப்பில் அவர் பெயர் வேலையை விட்டவர் பட்டியலில் ஏறியிருக்கும்.

ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாதம் 4,000 கொடுக்கிறார்கள். அது அவர்கள் முடிவு, அதே தொகையை இங்கே கேட்கவில்லை. 2,000-ஐத்தான் கேட்கிறேன், அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் சித்திக்குக் கிடைப்பது இந்தப் பக்கம் இருக்கிற அவர் அக்காவுக்கும் கிடைக்கட்டும் என்ற நியாயத்தில்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். என் மனசில் அதிகம் கிடந்து உறுத்துவது இதுதான்.

நம் திட்டம் “ஆதரவற்ற” முதியோருக்கானது. இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணைக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, வேலைக்குப் போறீங்களா என்பதுதான். உண்மையைச் சொன்னால் பென்ஷன் போகலாம் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அக்கா, 62 வயது, கணவர் இல்லை. அண்டி ஆபீசில் தோல் உரிக்கும் பிரிவில் இருந்தார், பிஎஃப் பிடித்தம் உண்டு, இஎஸ்ஐ மருத்துவ வசதி உண்டு. பென்ஷனுக்கு மனு கொடுத்தார். விசாரணையில் கம்பெனிப் பெயர் வந்தது, மனுவைத் தள்ளிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதுவதில் பயனில்லை, அவர்கள் கையில் உள்ள விதியைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார்கள். அதற்கு அப்புறம் அந்த அக்கா செய்ததைக் கேளுங்கள். கம்பெனியில் கணக்கை முடித்தார். அதே அண்டியை வீட்டுக்கு வாங்கி வந்து, கிலோ கணக்கில் உரித்துக் கொடுக்கத் தொடங்கினார், பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லாமல். கூலி முன்பைவிடக் குறைவு. பிஎஃப் போயிற்று. இஎஸ்ஐ போயிற்று, சுகர் மாத்திரையைக் காசு கொடுத்து வாங்குகிறார். எட்டு மாதம் கழித்து இரண்டாம் முறை மனு போட்டோம், பென்ஷன் வந்துவிட்டது. வேலை நிற்கவே இல்லை, கதவுக்கு உள்ளே போய்விட்டது. வெளி ஆள் வந்தால் அண்டிச் சாக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறார். இத்தனை வருடம் உழைத்த பெண் தன் உழைப்பைத் திருட்டுச் சாமான் போல ஒளித்து வைப்பதை நான் பார்த்தேன்.

வேலை செய்தால் பென்ஷன் கிடையாது என்ற விதி, வேலையின் மேல் போட்ட வரி மாதிரி. கம்பெனியில் மாதம் சம்பாதிப்பதில் 1,200 ரூபாயை அரசு எடுத்துக்கொள்கிறது என்றுதான் அந்த அக்காவின் கணக்கில் வரும். பணக்கார நாடுகள் பதினொன்றை ஒன்றாக வைத்து 1990-களில் பொருளாதார ஆய்வாளர்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வருடம் வேலை செய்தால் பென்ஷனில் எவ்வளவு இழப்பு என்று பார்த்து, அந்த இழப்பு எங்கே அதிகமோ அங்கே வயசானவர்கள் சீக்கிரம் வெளியேறுகிறார்கள் என்று கண்டார்கள். பிரிட்டனில் சம்பாதிக்கும் முதியவர்களின் பென்ஷனை வெட்டும் விதி இருந்தது, 1989-ல் அதை எடுத்தார்கள், அதன் பிறகு வயசான ஆண்கள் வேலை செய்யும் நேரம் கூடியது. முழு ஓய்வு வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்த இதே மாதிரி வெட்டை அமெரிக்கா 2000-ல் எடுத்தது. முதியவர்கள் வேலையில் இருக்க வேண்டும் என்பது உங்கள் கவலையானால், பென்ஷனைச் சின்னதாக வைப்பதால் அது நடக்காது. வேலை செய்கிறவர் வாங்கக் கூடாது என்ற விதியை எடுத்தாலே நடக்கும். சின்ன பென்ஷனும் கடுமையான விதியும் சேர்ந்தால் இரண்டு பக்கத்துக் கேடும் வருகிறது: மேல்தோட்டத்தை விட வேண்டியவர் விட முடியாமல் போகிறார், கம்பெனியில் இருக்க வேண்டியவர் வெளியே வருகிறார்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய. 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன், கடைசிச் சம்பளத்தில் பாதி. எனக்குக் கணக்குப் பாடம் எடுத்த சார் ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் டியூஷன் எடுக்கிறார், அவரிடம் படித்துத்தான் என் தம்பி பாலிடெக்னிக் முடித்தான். டியூஷன் எடுக்கிறாரே என்று அவர் பென்ஷனை யாரும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. நல்ல பென்ஷன் கிடைத்ததால் அவர் தனக்குப் பிடித்த வேலையை, தனக்கு முடிந்த நேரத்தில் செய்கிறார். அந்த மரியாதையை வெட்டுக்காரருக்கும் அண்டித் தொழிலாளிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிஎஃப் பென்ஷன் பற்றியும் ஒரு வார்த்தை. அது மத்திய அரசுடையது, உங்கள் கையில் இல்லை என்று தெரியும், ஆனாலும் அண்டி ஆபீஸ் பெண்களுக்கு அது தெரிய வேண்டும், நீங்கள் டெல்லியில் பேச வேண்டும். 1995 நவம்பரில் வந்த திட்டம். சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 9,000 ரூபாய்ச் சம்பளம், 12 வருடச் சேவை என்றால் 1,543 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று 2014 செப்டம்பரில் வைத்தது இன்றுவரை மாறவில்லை. 58 வயதில் எடுக்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடுமாம். 1,543-க்கு 4 சதவீதம் 62 ரூபாய். மாதம் 62 ரூபாய் கூடும் என்று எந்த அக்கா ஒரு வருடம் முழுக்கப் பென்ஷனை வாங்காமல் இருப்பார்? தொகை பெரிதாக இருக்கிற ஊரில் இந்த 4 சதவீதம் ஒருவரை யோசிக்க வைக்கும். இங்கே முடிவெடுக்க வைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பத்து வருடச் சேவை இல்லாவிட்டால் மாதப் பென்ஷனே கிடையாது, மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் கம்பெனிகளில் அந்தப் பத்து வருடத்தைச் சேர்ப்பதற்குள் பலருக்கு முட்டு தேய்ந்துவிடுகிறது.

வெட்டுக்கு ஆள் கிடைக்காது என்ற கவலைக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அந்த அண்ணனுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வார்த்தை வரவில்லை. ஏற்கெனவே ஆள் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்துவிட்டு வளைகுடாவுக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறார்கள். வட மாநிலத்துப் பையன்கள் வந்து வெட்டுப் பழகுகிறார்கள். ஒரு தொழில் 67 வயதுக்காரர்களின் வறுமையை நம்பித்தான் ஓடுகிறது என்றால், கூலியைக் கூட்டி இளவயசுக்காரரைக் கொண்டுவருவதுதான் வழி. அப்பாவைப் போன்றவர்கள் நாற்பது மரத்தோடு நின்றுகொண்டு பழகுநர்களுக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் தோட்டத்துக்கும் அது லாபம், பழகாத கத்தி ஒரே வருடத்தில் மரத்தை எவ்வளவு கெடுக்கும் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியும்.

வயசானவர்களுக்கு உழைப்பு வெறுத்துவிடுகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள், பாதிக்கு மேல் நரைத்த தலைகள். 2025-26-க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். பேசிக்கொண்டே, மூச்சு வாங்கினால் உட்கார்ந்து எழுந்து செய்யலாம் என்பதால் வருகிறார்கள். கடலோரத்தில் கரமடி வலை இழுக்கும் இடத்திலும் அப்படித்தான், வள்ளத்தில் போக முடியாத வயதில் கரையில் நின்று கயிற்றைப் பிடிக்கிறார்கள், மீன் பட்டால் பங்கு.

செலவு கூடும் என்பது நியாயமான கவலை. 2021 கணக்கில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர், 2031-ல் 18.2 ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரேயடியாக முடியாது என்றால் 70 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு முதலில் 2,000 கொடுங்கள், அடுத்த வருடம் 65, அப்புறம் 60 என்று இறங்குங்கள். அப்பாவுக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டிவரும், காத்திருப்பார். ஆனால் பன்னிரண்டு வருடம் ஒரே தொகையாகக் கிடப்பது மறுபடி வரக் கூடாது, விலைவாசியோடு சேர்த்து வருடா வருடம் தானாக ஏறட்டும், அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஏறுவதைப் போல.

நிபந்தனையை எடுப்பதற்கு இவ்வளவு செலவுகூட இல்லை. குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், கேரளத்தில் வருடத்துக்கு 1 லட்சம் என்று வைத்திருப்பது போல. அந்த வரம்புக்குள் இருப்பவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை நாள் செய்கிறார் என்று கேட்காதீர்கள். “ஆதரவற்ற” என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். மனுவில் அந்தச் சொல்லுக்கு நேரே கைநாட்டு வைக்கும்போது, மக்களைப் பெற்று வளர்த்த ஒரு பாட்டியின் முகம் எப்படி ஆகிறது என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். போன மாதம் ஒரு பாட்டி, “எனக்கு ஆளு இருக்கு மக்களே, காசுதான் இல்ல, அப்படி எழுத முடியாதா” என்று கேட்டார்.

கைநாட்டு என்றதும் இன்னொன்று. பணம் கொடுக்க வருபவரின் மிஷினில் அண்டி தல்லியவர்களின் விரல்ரேகை பல மாதம் ஏறுவதில்லை, ரேகையே தேய்ந்து போயிருக்கிறது. வெட்டுக்காரர்களுக்கும் ஆசிட் பட்டுப் பட்டு அப்படித்தான். விரலைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். ஏறாவிட்டால் ஆட்டோ பிடித்து பேங்குக்குப் போக வேண்டும், போகவர ஆகும் காசு நான்கு நாள் பென்ஷன். கண் ரேகையோ ஓடிபியோ, வேறு ஒரு வழியை ஊருக்குள்ளேயே வையுங்கள்.

இந்த மாதம் என்னிடம் ஒன்பது மனு வந்திருக்கிறது. அதில் ஏழு பேர் இன்னும் ஏதாவது வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பேர் வெட்டு, மூன்று பேர் அண்டி, ஒருவர் தென்னை ஏறுகிறார், 64 வயதில். இன்னொருவர் தோவாளையில் பூ கட்டிக்கொண்டிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர், இங்கேயும் கட்டிக் கொடுக்கிறார், அதை மட்டும் எப்போதும் விடமாட்டேன் என்கிறார். வேலைக்குப் போவதை மனுவில் எழுதட்டுமா, வேண்டாமா என்று ஏழு பேரும் என்னிடம் கேட்டார்கள். உண்மையை எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பொய் எழுதுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. ஏழு மனுவும் மேசை டிராயரில் இருக்கின்றன. உங்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை, வேலைக்குப் போவது தடையில்லை என்று ஒரே வரி, வந்தால் அன்றைக்கே ஏற்றிவிடுவேன்.

மணி ஒன்பதாகிறது. அப்பா எட்டு மணிக்கே படுத்துவிட்டார். பிளாஸ்கில் கட்டன் ஊற்றி வைத்துவிட்டு, லைட்டைச் சார்ஜில் போட வேண்டும், இரண்டரைக்கு எழும்புவார்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் வெட்டுக்காரரின் மகள்
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்
2025 டிசம்பர்